பழைய உயர்ரகக் கைபேசியா, புதிய மலிவுக் கைபேசியா? அன்றாடப் பயன்பாட்டுக்கு எதை வாங்கலாம்?

நிதானம் (கேள்வி)

வணக்கம். என்னிடம் இப்போதுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியில் 3 ஜிபி ரேமும் (ஓடும் செயலிகளுக்கான தற்காலிக நினைவகம்) 32 ஜிபி சேமிப்பிடமும் இருக்கின்றன. அழைப்பு வந்து மணி அடிக்கத் தொடங்கிய பிறகும், அதை எடுப்பதற்கான பொத்தான் திரையில் தோன்றச் சில நொடிகள் ஆகின்றன. உலாவியில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, குறுஞ்செய்தியில் வந்த கடவு எண்ணைப் பார்த்துத் திரும்பினால், பக்கம் முதலிலிருந்து ஏற்றப்பட்டு நிரப்பியது அத்தனையும் போய்விடுகிறது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்போ நிரந்தரமாகவே குடியேறிவிட்டது.

என் தேவை பெரிதல்ல. அழைப்பு, வாட்ஸ்அப், வங்கிச் செயலி, வரைபடம், மின்னஞ்சல், ஆவணங்களைப் படமெடுத்து அனுப்புவது ஆகியவை போதும். விளையாட்டுகள் எதுவும் ஆடுவதில்லை. ஆனால் வாங்குவது இன்னும் மூன்று ஆண்டுகளாவது ஓட வேண்டும். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கைபேசிகள் கிடைக்கின்றன. ஒன்று, 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்21, ஒருவர் பயன்படுத்தியது, 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம். மற்றொன்று, பெட்டி பிரிக்காத புதிய மலிவு ரகம். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 50 மெகாபிக்சல் கேமரா. ரேமை 8 ஜிபி வரை விரித்துக்கொள்ளலாம் என்றும் விளம்பரத்தில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்க்ரூடிரைவர்

கைபேசிப் பழுது பார்ப்பது என் தொழில். வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையில் இருப்பதைச் சற்றுக் கவனித்துவிடுவோம். நீங்கள் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, சேமிப்பிடம் நிரம்பியதால் வரும் மந்தம். கைபேசியில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில், பழையதை அழித்த பிறகே அதே இடத்தில் புதியதை எழுத முடியும். காலியிடம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டால், எதைச் சிறிதளவு பதிவு செய்வதற்கும் முன்னதாகத் தரவுகளை இடம் மாற்றி, துப்புரவு செய்து முடிக்கும்வரை மற்ற வேலைகள் காத்திருக்கின்றன. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதிக்குப் போனால் எந்தக் குழுவின் காணொளிகள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று அளவு வரிசையிலேயே காட்டும். அவற்றை நீக்கி, தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்தி, மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்துப் பாருங்கள். அழைப்புத் திரை தாமதமாவது பெருமளவு குறையும்.

இரண்டாவது, படிவம் மறைந்துபோவது. இது ரேம் பற்றாக்குறை. நீங்கள் குறுஞ்செய்தியைத் திறக்கும்போது இடம் போதாமல் ஆண்ட்ராய்டு உலாவியைப் பின்னணியில் மூடிவிடுகிறது. இதற்கு 3 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு மருந்து கிடையாது. ஆகவே கைபேசி மாற்றுவது நியாயமான முடிவுதான். அவசரப்பட வேண்டியதில்லை, அவ்வளவே.

அந்தப் புதிய மலிவுக் கைபேசியைப் பொறுத்தவரை, ரேமை விரிப்பதாகச் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் கொள்ளாததை அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் அது. அந்தச் சேமிப்பிடம் என்ன வகை என்பதைத் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் பாருங்கள். இ.எம்.எம்.சி. என்றிருந்தால் அது ஒற்றைவழிப் பாலம் போன்றது. படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. யூ.எஃப்.எஸ். என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். இ.எம்.எம்.சி. 5.1 இடைமுகத்தின் உச்சவரம்பே நொடிக்கு 400 மெகாபைட்தான், யூ.எஃப்.எஸ். 2.1இன் உச்சவரம்பு அதைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. செயலி திறப்பது, படத்தொகுப்பை உருட்டுவது, அப்டேட் நிறுவுவது என்று அன்றாடம் நாம் வேகம் என உணர்வதில் பெரும்பகுதி இதைச் சார்ந்தது. விற்பவர்கள் பேசுவதெல்லாம் கணிப்பு வேலையைச் செய்யும் சிப்பைப் பற்றியே இருக்கும். உங்கள் பயன்பாட்டுக்குச் சிப் கடைசியில் பார்க்க வேண்டிய ஒன்று.

எதிர்ப்பாட்டு

ஸ்க்ரூடிரைவர் சொன்னதையே வைத்துப் பார்த்தாலும் எஸ்21தான் சரி. அதில் யூ.எஃப்.எஸ். 3.1 சேமிப்பிடம் இருக்கிறது, உண்மையான 8 ஜிபி ரேம் இருக்கிறது, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் கேமரா இருக்கிறது, வெயிலில் படிக்கக்கூடிய திரை இருக்கிறது. அப்டேட் நின்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நின்றால்தான் என்ன? உலாவியும் வாட்ஸ்அப்பும் தனித்தனியே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும், 2025இல் ஆண்ட்ராய்டு 5.0 உள்ள கைபேசியில்கூட வாட்ஸ்அப் ஓடியது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இயங்குதளத்தின் சில உட்பகுதிகளையே பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் உண்டு. தரமாகச் செய்த பழைய பொருள், சிக்கனமாகச் செய்த புதிய பொருளைவிட மேல் என்பது என் கருத்து.

கணக்குப்பிள்ளை

எதிர்ப்பாட்டு அவர்கள் சொல்வதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கில்தான் வங்கிச் செயலி இருக்கிறது.

பிளே ஸ்டோர் வழியாக வருபவை இயங்குதளத்தின் மேல்தளப் பகுதிகளை மட்டுமே சரிசெய்கின்றன. கெர்னல் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதி, சிப்பை இயக்கும் மென்பொருள்கள், வலையமைப்போடு இணைக்கும் மோடத்தின் உள்மென்பொருள் ஆகியவற்றில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால், கைபேசி நிறுவனம் அனுப்பும் முழு அப்டேட்டைத் தவிர வேறு வழியில்லை. 2023 மார்ச் மாதம் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினாஸ் மோடங்களில் கண்டுபிடித்த ஓட்டைகளை வெளியிட்டது. அவற்றுள் நான்கு, பாதிக்கப்படுபவரின் தொலைபேசி எண் மட்டும் தெரிந்தாலே, அவர் எதையும் தொடாமலேயே, தொலைவிலிருந்து மோடத்துக்குள் புக வழிவிடுபவை. அப்படிப்பட்ட ஒன்று, அப்டேட் நின்ற கைபேசியில் கண்டுபிடிக்கப்பட்டால் அது அடைக்கப்படாமலேயே இருந்துவிடும். பாட்டுக் கேட்கவும் காணொளி பார்க்கவும் வைத்திருக்கும் கைபேசியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் புழங்கும் கைபேசியில் நான் பொறுக்கமாட்டேன்.

எனவே விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு தேதியைக் கணக்கிடுங்கள். நிறுவனம் உறுதியளித்த ஆண்டுகளைக் கைபேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. எஸ்21 வெளிவந்தது 2021 ஜனவரி. பாதுகாப்பு அப்டேட் 5 ஆண்டுகள். ஆகவே 2026 தொடக்கத்தோடு அதன் கணக்கு முடிகிறது. நீங்கள் கேட்கும் மூன்று ஆண்டுகளுக்கு அது எந்த வகையிலும் எட்டாது. அதே நிறுவனத்தின் எஸ்24, 2024இல் 7 ஆண்டு உறுதியோடு வந்தது. 2031 வரை போகும். கூகுள் பிக்சல் 6க்கு 5 ஆண்டுகள்தான். 2023இல் வந்த பிக்சல் 8க்கு 7 ஆண்டுகள். மலிவு ரகத்திலும் கேலக்ஸி ஏ16க்கு 6 ஆண்டுகள் தருகிறார்கள். ஆப்பிள் பக்கம் பார்த்தால், 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டுக்கும் 2024இன் ஐஓஎஸ் 18தான் கடைசிப் பெரும் பதிப்பாக அமைந்தது. ஒரு நிறுவனம் எத்தனை ஆண்டு என்று எழுத்தில் எங்கும் சொல்லவில்லை என்றால், அதை இரண்டு ஆண்டு என்றே வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஓரிரண்டு ஆண்டுகளே பழகிய நடுத்தர ரகம். உதாரணமாக, 2023 மார்ச்சில் வந்த கேலக்ஸி ஏ54க்கு 5 ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட் உண்டு. 2028 வரை வரும். உயர்ரகத்தின் பளபளப்பு அதில் இருக்காது. உங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஒளியாடி

கேமராவைப் பற்றி மட்டும் ஒரு சொல். 50 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலான கைபேசிகள் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. அது குறையன்று, மங்கிய ஒளியில் நல்லதும்கூட. ஆனால் பின்புறத்தில் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட 2 மெகாபிக்சல் கேமராக்களுக்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகத் தராதீர்கள். ஆவணம் படமெடுப்பவருக்கு வேண்டியது விரைவாகக் குவியம் பிடிப்பதும், ஒளியியல் நடுக்கத் தடுப்பும்தான். கடையில் பொடி எழுத்துள்ள ஒரு தாளைப் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் குழைந்தும் இருந்தால் அது ஆவணத்துக்கு ஆகாது.

நிதானம்

அனைவருக்கும் நன்றி. ஸ்க்ரூடிரைவர் சொன்னபடி குழுக் காணொளிகளை நீக்கிய பிறகு அழைப்புத் திரை உடனே வருகிறது. படிவம் மறைவது மட்டும் அப்படியே இருக்கிறது.

எஸ்21ஐ நேரில் போய்ப் பார்த்தேன். திரை நன்றாகவே இருந்தது. ஆனால் பின்மூடியின் ஒரு விளிம்பு விரல் நகம் நுழையும் அளவுக்கு மேலெழும்பி இருந்தது. கீழே விழுந்ததால் பசை விட்டிருக்கும் என்று விற்பவர் சொன்னார். அதை விட்டுவிட்டு, கணக்குப்பிள்ளை சொன்ன ஏ54 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 8 ஜிபி ரேம், 128 ஜிபி. வாங்கும்போது கையில் வைத்து என்னென்ன சோதிக்க வேண்டும்? பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பதை எப்படி அறிவது?

ஸ்க்ரூடிரைவர்

அந்த எஸ்21ஐ விட்டது நல்லது. பசை விட்டும் இருக்கலாம். ஆனால் நான் பார்க்கும் கைபேசிகளில் மூடி உள்ளிருந்து தள்ளப்படுவதற்குப் பெரும்பாலும் பேட்டரி உப்பியதுதான் காரணம். அப்படி உப்பியதை அழுத்தி மூட முயலவோ, சார்ஜில் போடவோ கூடாது.

லித்தியம் பேட்டரி பயன்பாட்டால் மட்டுமன்றி வயதாலும் தேய்கிறது. ஐபோன் 14 வரையுள்ளவை 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 வகைகள் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் கூறுகிறது. நாளுக்கொரு முறை சார்ஜ் செய்பவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஐபோனில் இந்த விழுக்காட்டை அமைப்புகளிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் எல்லாக் கைபேசியும் காட்டுவதில்லை. அதனால், அரை மணி நேரம் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக் காணொளி ஓடவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நேராகப் படிப்படியாக இறங்கினால் சரி. 40இல் நின்றது திடீரென்று 28க்குத் தாவினால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். பயன்படுத்திய எந்தக் கைபேசிக்கும் ஒரு புதிய பேட்டரியின் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

திரைக்கு வருவோம். சாம்சங் கைபேசியில் எண் தட்டும் இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும். அதில் முழுச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை வரவழைத்து, பழைய விசைப்பலகையோ மேல்பட்டையோ நிழலாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடுதிரைச் சோதனையில் ஒரு கட்டம்கூட விடுபடக் கூடாது. திரைக்குள் இருக்கும் விரல்ரேகை உணரி பதிவையே ஏற்காவிட்டால், திரை மட்டமான மாற்றுத் திரையாக இருக்க வாய்ப்புண்டு. பிறகு உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள்: காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா, எதிர்முனைக்குக் குரல் கேட்கிறதா, 4ஜி வழியே அழைப்பு போகிறதா என்பதை இந்த ஓர் அழைப்பிலேயே அறியலாம். 3ஜி அணைக்கப்பட்ட இடங்களில், 4ஜி வழியே அழைக்க முடியாத கைபேசி பேசுவதற்கே உதவாது. வேறு நாட்டுக்கென்று செய்யப்பட்ட கைபேசிகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

*#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்), பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பூட்லோடர் (கைபேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) திறக்கப்பட்ட கைபேசியை வாங்கவே வேண்டாம். வங்கிச் செயலிகள் பல அதில் திறக்க மறுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, விற்பவரின் கூகுள் கணக்கு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், கணக்கை நீக்காமல் வேறு வழியில் ஃபேக்டரி ரீசெட் (அனைத்தையும் அழித்துப் புதியதுபோல் ஆக்குவது) செய்தால், கைபேசி பழைய கணக்கின் கடவுச்சொல்லையோ திரைப்பூட்டையோ கேட்டு நின்றுவிடும். ஆகவே அவர் உங்கள் முன்னிலையில் கூகுள் கணக்கையும் சாம்சங் கணக்கையும் அமைப்புகளுக்குள் போய் நீக்கி, பிறகு ரீசெட் செய்து, நீங்கள் உங்கள் கணக்கைப் போட்டு முகப்புத் திரைவரை வந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் வாங்காதீர்கள்.

எதிர்ப்பாட்டு

ஏ54 என்றால் எனக்கும் மறுப்பில்லை. அதில் நடுக்கத் தடுப்பும் உண்டு, மெமரி கார்டு போடவும் இடம் உண்டு. எஸ்21இல் அந்த இடம் கிடையாது. ஆனால் வாங்கிய அன்றே அமைப்புகளில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்த்து, நிலுவையில் உள்ள அப்டேட் அனைத்தையும் நிறுவிவிடுங்கள். முதல் உரிமையாளர் பல மாதங்களாக அதைத் தள்ளிப்போட்டே வந்திருப்பார், பெரும்பாலோர் அப்படித்தான்.

நிதானம்

சோதனைகள் அனைத்திலும் ஏ54 தேறியது, வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன்: பழைய கைபேசியை எப்போது ரீசெட் செய்யலாம்?

கணக்குப்பிள்ளை

இன்றைக்கு வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல்களைக் காப்புநகல் எடுத்துப் புதியதில் மீட்டெடுத்து, பழைய படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். வங்கிச் செயலியைப் புதிய கைபேசியில் பதிவு செய்யும்போது, வங்கியில் பதிந்துள்ள எண்ணின் சிம் அதே கைபேசியில் இருப்பது நல்லது. பல செயலிகள் அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் சரிபார்க்கின்றன. இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு எண்களை உருவாக்கும் செயலி ஏதேனும் வைத்திருந்தால், அதிலுள்ள கணக்குகளைப் பழையதிலிருந்து புதியதற்கு நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகு ரீசெட் செய்யுங்கள். அந்தச் செயலியைக் காப்புநகல் இல்லாமல் அழித்துவிட்டால், ஒவ்வொரு கணக்குக்கும் மீட்பு எண்களைத் தேடிக்கொண்டு அலைய நேரிடும்.