மலேரியாவ ஒழிச்சது மக்களாம், கேட்டீங்களா கதைய!

உப்புவெளியான்:
டவுனில ஒரு செயலமர்வு. ஒருத்தர் மைக்கப் பிடிச்சு, மலேரியா ஒழிஞ்சது மக்கள் பங்களிப்பாலதான் எண்டு சொல்லி கைதட்டும் வாங்கிட்டுப் போறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. வீடு வீடா டிடிடி எண்ட நுளம்பு மருந்த அடிச்சவன் ஆரு, மக்களா? 1963ல முழு இலங்கைக்கும் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. 17! மக்கள் சட்டி பானையத் தூக்கி வெளிய வச்சிட்டு வாசலில நிண்டு பாத்தவை, அவ்வளவுதான்.

கிண்ணியா மச்சான்:
அந்த 17க்குப் பிறகு என்ன நடந்தண்டும் சொல்லுங்களன் நானா. 1969ல 5 லட்சத்துக்கு மேல. உங்கட மருந்தடிக்கிற ஆக்கள் அப்ப எங்க போன?

உப்புவெளியான்:
அடிக்கிறதக் குறைச்சா வரும்தானே, அதத்தானே நானும் சொல்றன். அடிச்சா 17, விட்டா 5 லட்சம். இதுக்குள்ள மக்கள் எங்க?

மூதூர் முனை:
17 எண்டது கணக்கில வந்த 17 ஐயா. ரத்தம் குத்தக் குடுக்காம மல்லி அவிச்சுக் குடிச்சிட்டுக் கிடந்தவன ஆர் எண்ணின?

உப்புவெளியான்:
17 எண்டா 17.

கன்னியா தங்கச்சி:
ஏன் மலேரியாவிலயே தொங்கிக்கொண்டு நிக்கிறீங்க? எங்கட பக்கம் மிட்வைஃப் அக்கா பிள்ளையள நிறுக்கிறதே ஒரு வீட்டு விறாந்தையில. தராசு மாட்ட இடம் குடுக்கிறது, வராத தாய்மாரக் கூட்டிக்கொண்டு வாறது, இலைக்கஞ்சி காய்ச்சுறது எல்லாம் ஆர்? 1978ல அல்மா ஆட்டா சுகாதார மாநாட்டில, மக்கள் பங்களிப்பு வேணுமெண்டு சொன்னதும் இதத்தானே.

உப்புவெளியான்:
தங்கச்சி, கஞ்சி நல்லது, குடியுங்கோ. ஆனா தலைப்பு மலேரியா. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில தொத்தின மலேரியா ஒண்டுகூட இல்ல, 2016ல உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் குடுத்தது. அது நாட்டின்ட பேரில வந்தது, உங்கட மாதர் சங்கத்தின்ட பேரில இல்ல.

கிண்ணியா மச்சான்:
சண்டைக் காலத்தில மருந்தடிக்க ஆள் வராத ஊருகளும் இரிந்த. நுளம்பு வலை கொண்டு போய்க் குடுத்த ஆக்களில சர்வோதயம் எண்ட தொண்டு நிறுவனமும் இரிக்கி. அதெல்லாம் உங்கட 17க்குள்ள வராதோ?

உப்புவெளியான்:
வலை குடுத்தா பங்களிப்பா? அந்த வலையில மீன் பிடிச்சவனையும் எனக்குத் தெரியும். சரி, 2017ல கிண்ணியாவில டெங்கு வெளுத்து வாங்கேக்க உங்கட பங்களிப்பு லீவில போனதோ?

கிண்ணியா மச்சான்:
வாய அளந்து கதைங்க! அண்டைக்கு டயரும் சிரட்டையும் பொறுக்கின எங்கட பொடியன்மார். நீங்க அப்பவும் இங்கதான் டைப் பண்ணிக்கொண்டிரிந்தீங்க. முந்தி இங்க நடந்த வெந்நீர்க் கிணறு விவாதத்திலயும் இப்பிடித்தான் ஊர இழுத்தீங்க.

உப்புவெளியான்:
வெந்நீர்க் கிணத்தில தோத்தது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். அத விடுங்க, நல்ல தண்ணிக் கிணத்துக்கு நுளம்புப் புழுவத் தின்னுற கப்பி மீன் விடச் சொல்லி பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தொண்ட கிழியக் கத்தினவர், எத்தின பேர் விட்டீங்க?

மூதூர் முனை:
நாங்க விட்டம். செத்துப்போச்சு.

உப்புவெளியான்:
குளோரின் போட்ட கையோட விட்டா சாகாம நீந்துமா? இந்த லட்சணத்தில மலேரியாவ ஒழிச்சவையாம்!

மூதூர் முனை:
குளோரின் போட்டதும் உங்கட ஆக்கள்தானே?

உப்புவெளியான்:
பேச்ச மாத்தாதீங்க. 17க்குப் பதில் சொல்லுங்க.