நெருஞ்சி முள்ளும் தட்டை நிலமும்: வீட்டோட சேர்ந்து மவுண்டன் பைக் றேஸ் ஓட என்ன செய்யவேணும்?

கேள்வி | கோண்டாவில்ச் சக்கரம்

வணக்கம். நானும் மனிசியும், 12 வயசு மகனும், 9 வயசு மகளும் சேர்ந்து மவுண்டன் பைக் ஓடுறம். அடுத்த வருசம் மலைநாட்டுப் பக்கம் ஒரு அமெச்சூர் றேஸில நாலு பேரும் இறங்க யோசனை. மூண்டு சிக்கல். ஒண்டு, பஞ்சர். ரியூபை மாத்தினாலும் அடுத்த நாளே காத்துப் போகுது. ரெண்டு, இங்க யாழ்ப்பாணத்தில ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை, எங்க பழகிறது? மூண்டு, மகளின்ர 24 இஞ்சி சைக்கிள் முன் போக்கில (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) ஸ்பிறிங் போட்டது. பத்து நிமிசத்தில களைச்சுப் போறா.

பதில் 1 | ஒழுங்கை ஓட்டி

மாத்தின ரியூப் அடுத்த நாளே போகுதெண்டால் பழைய முள்ளு இன்னும் ரயருக்குள்ளதான் கிடக்கு. நெருஞ்சி நுனி முறிஞ்சு றப்பருக்குள்ள புதைஞ்சிடும், விரலுக்குத் தட்டுப்படாது. ஒரு பஞ்சுத் துண்டை ரயரின்ர உள்பக்கத்தால ஒரு சுத்து இழுங்கோ. பஞ்சு எங்க சிக்கி நூல் விடுதோ அங்கதான் ஆள் இருக்கிறார். குறட்டுக்கு அகப்படாட்டி உள்ளுக்கிருந்து ஊசியால வெளிய தள்ளுங்கோ.

ரயரைப் பூட்டேக்க அதில உள்ள பெயர் எழுத்து எப்பவும் வால்வுக்கு நேரே வாற மாதிரிப் பூட்டுங்கோ. பிறகு ரியூபில ஓட்டை வால்விலயிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கோ, ரயரிலயும் அதே தூரத்தில தேடினால் போதும். முழு ரயரையும் தடவத் தேவையில்லை.

உடைமுள் வேற சாதி. நீளம் கூட எண்டபடியால் ரியூபின்ர மேல்பக்கத்தால பூந்து றிம் பக்கத்தாலயும் வெளிய வரும். ஒரு ஓட்டையை ஒட்டிப்போட்டு சந்தோசப்படாமல் திரும்பவும் காத்தடிச்சுத் தண்ணிச் சட்டிக்குள்ள அமத்திப் பாருங்கோ.

ஒட்டு கழர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். அரத்தாளால உரஞ்சி, சொலூசனை ஒட்டுத்துண்டை விடக் கொஞ்சம் அகலமாப் பூசி, ஐஞ்சு நிமிசம் விடவேணும். மினுமினுப்புப் போய், தொட்டால் விரலில வராத நிலைக்கு வந்தபிறகுதான் ஒட்டுறது. ஈரத்தில ஒட்டினால் கட்டாயம் கழரும்.

ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில, பாம்பு கடிச்ச மாதிரி இருந்தால் அது முள்ளில்லை. காத்துக் குறைஞ்சு, சுண்ணாம்புக் கல்லில ரியூப் றிம்மோட நசிஞ்சிருக்கு. அதுக்காகக் கல்லுமாதிரி அடிக்கவும் கூடாது, 45 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) அடிச்சால் செம்மண் பொருக்கில சக்கரம் வழுக்கித் திரியும். 65 - 70 கிலோ ஆளுக்கு, 2.2 இஞ்சி ரயர், ரியூபோட: முன்னுக்கு 26, பின்னுக்கு 28 இல தொடங்குங்கோ. 30 கிலோப் பிள்ளைக்கு 18 - 20 போதும். மகன் நடுவில. கால்பம்பின்ர மீற்றர் இந்த அளவில பொய் சொல்லும், தனியா ஒரு டிஜிற்றல் கேஜ் வாங்குங்கோ.

பதில் 2 | றப்பர்ப்பால்

ஒழுங்கை அண்ணை சொன்னது ரியூபுக்குச் சரி. ஆனால் மாசி, பங்குனியில, மாரிக்கு முளைச்ச நெருஞ்சி காய்ஞ்சு கொட்டுற நேரம் எத்தினை ஒட்டு ஒட்டுவீங்கள்? பெரியாக்களின்ர சைக்கிளில றிம் ரியூப்லெஸுக்கு (ரியூப் இல்லாமல் ரயர் மட்டும்) தோதெண்டால் மாறுங்கோ. 29 இஞ்சிச் சக்கரத்துக்கு சீலன்ற் (ஓட்டையை அடைக்கிற றப்பர்ப்பால்) 100 - 120 மில்லிலீற்றர். முள்ளுக் குத்தினால் இழுத்துப்போட்டு, ஓட்டை கீழ வாற மாதிரிச் சக்கரத்தைப் பிடிச்சால் பால் அதில போய் உறைஞ்சிடும். காத்தும் 3 - 4 பி.எஸ்.ஐ. குறைச்சு ஓடலாம்.

எங்கட வெக்கைக்குப் பால் கெதியாக் காயும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கால் சக்கரத்தைக் கழட்டிக் காதடியில குலுக்குங்கோ. சளசளப்புக் கேக்காட்டி 60 மில்லிலீற்றர் திரும்ப விடவேணும்.

பிள்ளையளின்ர ஒற்றைச்சுவர் றிம்மில ரேப் ஒட்டி ரியூப்லெஸ் ஆக்கப் பாக்காதேங்கோ, நிக்காது. அதுக்கு மோட்டார்சைக்கிள் வகை வால்வு உள்ள ரியூப் வாங்கி, வால்வின்ர உள்ளூசியைக் கழட்டி 60 மில்லிலீற்றர் சீலன்றை உள்ளுக்கு விட்டால் சின்ன முள்ளுகளுக்குத் தாக்குப்பிடிக்கும்.

பதில் 3 | குரும்பட்டி

மகளின்ர விசயத்துக்கு வாறன். சைக்கிளைத் தராசில போடுங்கோ. ஸ்பிறிங் போட்ட மலிவு 24 இஞ்சி 14 கிலோ வரும். பிள்ளை 28 கிலோ எண்டால் தன்ர பாதி நிறையை உழக்கிக்கொண்டு போறா. அந்த ஸ்பிறிங் அவவின்ர பாரத்துக்கு அமருறதுமில்லை, சும்மா இரும்பு. ஸ்பிறிங் இல்லாத நேர்ப்போக்குப் போட்ட சைக்கிள்தான் அந்த வயசுக்கு நல்லது. உயரம் குறைவெண்டால் 24 இஞ்சியே பெரிசா இருக்கலாம், 20 இஞ்சியையும் ஏத்திப் பாருங்கோ.

புதுசு வாங்கமுதல் ரெண்டு திருத்தம். சீற்றில இருந்து குதியைப் பெடலில வைச்சால், பெடல் அடியில நிக்கேக்க கால் நேராகவேணும். பலர் நிலத்தில ரெண்டு காலும் ஊண்டட்டும் எண்டு சீற்றைப் பதிச்சு வைச்சு முழங்காலைக் கெடுக்கினம். மற்றது, பிறேக் லீவரில ஒரு குட்டித் திருகாணி இருக்கும். அதை உள்ளுக்குத் திருகி, சின்ன விரல் எட்டுற அளவுக்கு லீவரைக் கிட்டக் கொண்டுவாங்கோ.

பிள்ளையளோட றேஸ் பழக ஒரு பனங்காணி போதும். 700 மீற்றர் சுத்து, வளைவுகளில சிரட்டை கவிழ்த்து வையுங்கோ. நாலு பேரும் ஒண்டா வெளிக்கிட்டால் கடைசியா வாறது எப்பவும் மகளாத்தான் இருக்கும், ரெண்டு கிழமையில வெறுத்திடுவா. ஒரு சுத்துக்கு அவவுக்கு 4 நிமிசம் 30 செக்கன், தகப்பனுக்கு 3 நிமிசம் 10 செக்கன் எண்டு வையுங்கோ. வித்தியாசம் 80 செக்கன். மூண்டு சுத்து ஓடுறதெண்டால் அவவை 4 நிமிசம் முன்னுக்கு விடவேணும். கணக்குச் சரியெண்டால் முடிவில நாலு பேரும் கோட்டுக்குக் கிட்டக்கிட்ட வருவீங்கள். அப்பதான் அது றேஸ். காலமை எட்டு மணிக்கு முதல் முடியுங்கோ.

கேள்வி | கோண்டாவில்ச் சக்கரம்

நன்றி, பஞ்சில ரெண்டு முள்ளு சிக்கிச்சுது! இறக்கம் பழக மணற்காட்டு மணல்மேட்டுக்குப் போனால் சரிவருமோ?

பதில் 4 | சோளகக் காத்து

ஏத்தத்துக்கும் பாரத்தை எங்க வைக்கிறதெண்டு பழகவும் மணற்காடு நல்லது. ஏறேக்க சீற்றின்ர மூக்கில இருந்து நெஞ்சைப் பதிக்கிறது, இறங்கேக்க இடுப்பைச் சீற்றுக்குப் பின்னால கொண்டுபோறது, ரெண்டும் அங்க வரும். ஆனால் மணலில பிறேக் பழக ஏலாது, மணலே சைக்கிளைப் பிடிச்சு நிப்பாட்டிடும். மேட்டில செடிகொடி பிடிச்சிருக்கிற பக்கம் ஏறாதேங்கோ, அதுகள்தான் மணலைக் கட்டி வைச்சிருக்குதுகள். அங்க காத்தைக் குறைச்சால் வீட்டுக்கு வெளிக்கிட முதல் திரும்ப அடியுங்கோ. குறைஞ்ச காத்தில ரயர் றிம்மில நகரும், வால்வு சரிஞ்சு அடியில கிழியும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுமில்லை.

மலைக்கான மூச்சை வல்லை வெளியில (காத்துக்கு மறைப்பில்லாத வெட்டவெளி) பழகலாம், பெரியாக்கள் மட்டும். வாகனம் ஓடுற றோட்டு. வைகாசியிலயிருந்து புரட்டாதி வரை சோளகம் (தென்மேல் காத்து) முகத்தில அடிக்கிற நேரம், பாரக் கியரில, பெடல் நிமிசத்துக்கு 60 - 65 சுத்தில, ஐஞ்சு நிமிசம் உழக்கு, மூண்டு நிமிசம் ஆறு. அப்பிடி நாலு தரம்.

உண்மையில தட்டை ஊர்க்காரரை மலையில விழுத்திறது ஏத்தமில்லை, பின் பிறேக்தான். இறக்கம் முழுக்கப் பின் பிறேக்கை அமத்திக்கொண்டே போவினம். சக்கரம் பூட்டுப்பட்டு வழுக்கும், டிஸ்க் சூடேறிப் பிடி விடும். இதைத் தட்டை நிலத்திலயே பழகலாம். செம்மண் ஒழுங்கையில ஒரு கோடு கீறி, மணிக்கு 20 கிலோமீற்றரில வந்து கோட்டில பிடியுங்கோ. பெடல் ரெண்டும் ஒரே மட்டத்தில, குதி கீழ, இடுப்பு பின்னுக்கு, ஒவ்வொரு லீவரிலயும் ஒரு விரல். முன் பிறேக்கை வெடுக்கெண்டு பிடிக்காமல் பிழியவேணும். நிண்ட இடத்தில ஒரு சிரட்டை. அடுத்த தரம் அதுக்கு முதல் நிக்கவேணும். ஒரு பின்னேரம் 20 தரம் செய்தால் புதுப் பிறேக் பாட்டும் (டிஸ்க்கை அமத்திற துண்டு) டிஸ்க்கோட படிஞ்சிடும்.

நுவரெலியாப் பக்கமெண்டால் 1,868 மீற்றர் உயரம், காத்தழுத்தம் எங்கட ஊரில உள்ளதில ஐஞ்சில நாலு பங்கு. முதல் சுத்தில பாய்ஞ்சால் மூச்சு முட்டும். ஒரு நாள் முந்திப் போய், பாதையைப் பிள்ளையளோட நடந்து பாருங்கோ, சைக்கிளில இல்லை, நடந்து.

பதில் 5 | ஒழுங்கை ஓட்டி

ஒண்டு விட்டுப்போச்சு. புதுப் பாதை தேடிப் பத்தைக்குள்ள பூராதேங்கோ. முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை நிக்கிற காணிக்குள்ள சக்கரமே படக்கூடாது. கைவிட்ட வளவுகளில கட்டில்லாத பாழ்கிணறு புல்லு மூடிக் கிடக்கும். சனம் நடந்து தேய்ஞ்ச பாதையில மட்டும் ஓடுங்கோ.

மணற்காடு, பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அண்டைக்கே நல்ல தண்ணி வாளியால ஊத்திக் கழுவி, செயினைத் துணியால துடையுங்கோ. தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் ரெண்டும் வேண்டாம், மணலைப் பிடிச்சு அரைச்சுப்போடும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி செயின் ஒயில், பத்து நிமிசத்தால மிச்சத்தைத் துடையுங்கோ. பிறகு அடிமட்டத்தால 12 முழுக் கண்ணி (ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒண்டு) அளவுங்கோ: புதுசு சரியா 12 இஞ்சி. 12 இஞ்சியும் ஒரு இஞ்சியில பதினாறில ஒரு பங்கும் வந்தவுடன செயினை மாத்தினால் பின் கியர்த்தட்டு தப்பும்.