முந்திரிப் பருவத்தில் சரியும் வருகை: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டி அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். முந்திரிப் பருவம் தொடங்கியதும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் வருகை சரியத் தொடங்கி, ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் சிலரின் பெயருக்கு நேரே வாரக்கணக்கில் சிவப்பு மையே தெரிகிறது. தொடக்க வகுப்புகளில் இந்த அளவு இல்லை; 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கென 2022இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒன்பது நாள் கழித்து வந்தாள். கொட்டை உடைத்ததில் ஓட்டிலிருந்து கசியும், தோலை அரிக்கும் பால் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்ததால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. "பாட்டிக்குக் கண் தெரியாது டீச்சர், நான்தான் உடைக்கணும்" என்றாள். குடும்பத் தொழிலில் கைகொடுப்பதையும் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டுமே அனுமதிக்கும் 2016ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தத்தை அந்தப் பாட்டியிடம் நான் எப்படி எடுத்துச் சொல்வது?

வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் காலையிலேயே தொலைபேசியில் அழைத்துப் பார்த்தோம். விடியுமுன் தோப்புக்குப் போய்விடும் பெற்றோர் எடுப்பதில்லை. மாலையில் நேரில் சென்றால் ஓரளவு பலன் உண்டு, ஆனால் எல்லா வீடுகளுக்கும் செல்ல எங்களால் இயலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் துணையோடோ கொட்டை வாங்கும் வியாபாரிகளிடம் பேசியோ இதைச் சரிசெய்தவர்கள் இங்கு இருப்பின், யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள் என்பதை விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.