வரைவு உணவு விதிமுறைக்கு நம் கருத்தை அனுப்புவது எப்படி? (கருவாட்டுக் குழுக்களுக்காக)

பாக்நீரிணை_தொண்டி:

எல்லோருக்கும் வணக்கம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கருவாடு காயவைத்து, பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுக்களுக்காகக் கேட்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) புதிய விதிமுறைக்கு வரைவு வெளியிடும்போதெல்லாம் "பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம்" என்று செய்தியில் ஒரு வரி வரும், அதோடு சரி. யாருக்கு அனுப்புவது, எத்தனை நாளுக்குள், தமிழில் எழுதலாமா? மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் கணக்கில் வருமா? கடற்கரையில் மீன் காயவைக்கிற பெண்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா, அல்லது அது வெறும் சம்பிரதாயமா?

சட்டவரி:

சம்பிரதாயம் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 18-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவைப் படியுங்கள். விதிமுறை தயாரிக்கும்போதும் திருத்தும்போதும் வெளிப்படையான பொதுக் கலந்தாய்வு நடத்த வேண்டும். நேரடியாகவோ, எல்லா நிலை ஊராட்சிகளும் உள்ளிட்ட பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாகவோ அது நடக்கலாம். நாட்டில் நடைமுறையில் இருக்கும் பழக்கங்களையும், கையாளுதல், சேமிப்பு, போக்குவரத்து நிலைமைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே உட்பிரிவு சொல்கிறது. உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒரே விலக்கு அவசர நிலை. உணவுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் சார்ந்த அவசரம் என்றால் கலந்தாய்வு இல்லாமலே விதிமுறை போடலாம், ஆனால் அது ஆறு மாதத்துக்கு மேல் நிற்காது.

92-ஆம் பிரிவின்படி விதிமுறைகளை முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் இறுதி செய்ய முடியும். அப்படி வெளியிட்டால், குறித்த நாளுக்குள் வந்த ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலிப்பது கடமை என்று பொதுப் பிரிவுகள் சட்டம், 1897-இன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பரிசீலிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஏற்க வேண்டும் என்று இல்லை. அதனால்தான் எழுதும் முறைக்கு இவ்வளவு மதிப்பு.

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். வரைவு இந்திய அரசிதழில் வருகிறது: சிறப்பு வெளியீடு, பகுதி 3, பிரிவு 4. பெரும்பாலும் 60 நாள் அவகாசம். சிலவற்றில் குறைவாகவும் இருக்கும், வரைவின் முதல் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த நாள்கள், அரசிதழ்ப் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து ஓடுகின்றன. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்த நாளை வைத்து எண்ணாதீர்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளவும் வேண்டாம்.

அனுப்ப வேண்டியது தலைமைச் செயல் அலுவலர், எஃப்எஸ்எஸ்ஏஐ, எஃப்டிஏ பவன், கோட்லா சாலை, புது டெல்லி 110002. மின்னஞ்சல் முகவரி வரைவிலேயே இருக்கும். இரண்டு வழியிலும் அனுப்புங்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நியமன அலுவலரிடம் கொடுக்கும் மனு இந்தக் கணக்கில் வராது, அவர் வேலை சட்டத்தை நடைமுறைப்படுத்துவது. கலப்படப் புகார் செயலியில் போடுவதும் அப்படியே வீண்.

அனுப்பும் முன் கையில் இருக்கும் தாள் எது என்று பாருங்கள். தலைப்பில் வரைவு என்று இருந்தால்தான் கருத்துக் கேட்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவின் கீழ் வரும் 'உத்தரவு' வேறு, இறுதி அறிவிக்கை வேறு. பாக்கெட்டில் நிகர எடை, விலை அச்சிடுவது பற்றிய குறை என்றால் அது சட்டமுறை எடையளவு விதிகள், 2011. நுகர்வோர் விவகாரத் துறைக்குப் போக வேண்டும். அதை எஃப்எஸ்எஸ்ஏஐ-க்கு எழுதிப் பயனில்லை.

வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தமிழில் எழுதுங்கள், ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பை மேலே வைத்து, தமிழ்க் கையொப்பப் பக்கத்தை இணைப்பாக வையுங்கள். கருத்துகளை உட்பிரிவு வாரியாகத் தொகுக்கும் மேசையில் படிக்க முடியாத கடிதம் பின்னுக்குத்தான் போகும். அது நியாயமில்லை என்று எனக்கும் தோன்றுகிறது. கருத்துக் கேட்பவர்கள் மாநில மொழியிலும் வரைவைத் தர வேண்டும். அதையே ஒரு கருத்தாகத் தனியாக எழுதலாம். கருவாட்டுக் கோரிக்கையோடு கலக்காதீர்கள்.

ஆய்வகமேசை:

சட்டவரி அண்ணன் சொன்னதோடு, உள்ளே என்ன எழுதுவது என்பதையும் சொல்கிறேன்.

"இந்த விதி ஏழைகளைப் பாதிக்கும், ரத்து செய்யுங்கள்" என்று நூறு பேர் ஒரே வாசகத்தில் அனுப்பினால் அறிவியல் குழுவுக்கு அது ஒரு கருத்துதான். பாக்கெட்டின் முன்பக்க நட்சத்திரக் குறியீட்டு வரைவுக்கு, 2022 செப்டம்பரில் வந்தது, 14,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன. அந்தக் குவியலில் உங்கள் தாள் தனியாகத் தெரிய வேண்டுமானால் நான்கு கட்டங்கள் போதும்: உட்பிரிவு எண், வரைவில் உள்ள வாசகம், அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் வாசகம், காரணமும் ஆதாரமும். வரைவோடு படிவம் கொடுத்திருந்தால் அதையே நிரப்புங்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அதை எடுத்துப் போட முடியும்.

திருத்த வரைவு என்றால் "இன்ன உட்பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்" என்று மட்டும் இருக்கும். மூல விதிமுறையின் தொகுப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துப் படிக்காவிட்டால் என்ன மாறுகிறது என்றே புரியாது.

கருவாடு பற்றிய தரங்களில் கவனிக்க வேண்டிய அளவுகள்: ஈரப்பதம், உப்பு, நீர்ச்செயல்பாடு, அமிலத்தில் கரையாத சாம்பல், ஹிஸ்டமின் (மீன் கெடும்போது உருவாகும் நச்சுப்பொருள்). அமிலத்தில் கரையாத சாம்பல் என்றால் ஏதோ வேதிப்பொருள் என்று விட்டுவிடாதீர்கள், அது மணல்தான். கடற்கரை மணலில் நேரடியாகக் காயவைத்த நெத்திலியும் காரலும் அதில்தான் விழும். பரணிலோ வலையிலோ காயவைத்தால் குறையும். ஆகவே அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்பதைவிட, பரண் போட அவகாசம் கேட்பதே நிற்கும். அமலாகும் தேதியும் வரைவின் ஒரு பகுதி, அதற்கும் கருத்து எழுதலாம்.

அடுத்தது, ஈர எடையா உலர் எடையா என்பது. 100 கிராம் கருவாட்டில் 35 கிராம் ஈரம், 16.25 கிராம் உப்பு என்று வையுங்கள். ஈர எடையில் உப்பு 16.25 விழுக்காடு; திடப்பொருள் 65 கிராம்தான், ஆகவே உலர் எடையில் 25 விழுக்காடு. மீன் ஒன்றே, எண் வேறு. வரைவில் எந்த அடிப்படை என்று எழுதியிருக்காவிட்டால் அதைத் தெளிவாக்கச் சொல்வதே நல்ல கருத்து. உங்கள் பரிசோதனை அறிக்கையும் அதே அடிப்படையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராகப் போகும்.

உப்பிட்ட மீனுக்கும் உப்பிடாத மீனுக்கும் ஒரே ஈரப்பத வரம்பு வைத்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். காரணம் அறிவியல்பூர்வமானது: கருவாடு கெடுவதைத் தீர்மானிப்பது மொத்த ஈரம் அல்ல, நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஈரம், அதாவது நீர்ச்செயல்பாடு. நிறைவுற்ற உப்புக்கரைசலில் அது ஏறக்குறைய 0.75-க்கு இறங்கிவிடும். ஆகவே நன்றாக உப்பேறிய திருக்கை, உப்பில்லாத நெத்திலியைவிட அதிக ஈரத்தோடும் தாங்கும். அதற்காக எல்லாம் சரி என்று எழுதிவிடாதீர்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிரால் வரும் செந்நிறம் அந்த நிலையிலும் வரும், குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

வரைவு கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தை ஒட்டியிருந்தால் எந்தத் தரம் என்று பாருங்கள். அவித்து உப்பிட்டு உலர்த்திய நெத்திலிக்கு ஒன்று இருக்கிறது, 236-2003. உப்பிட்ட மீனுக்கான 167-1989 காட் குடும்பத்து மீனுக்கானது; அது குளிர்கடல் மீன், நம் சூடைக்கும் காரலுக்கும் பொருந்துமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மீனின் ஊர்ப்பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுங்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய மையத்தில் மீனைக் காட்டிக் கேட்கலாம்.

நுண்ணுயிர் அட்டவணையில் நான்கு எழுத்துகள் வரும்: என், சி, சிறிய எம், பெரிய எம். என் என்பது எடுக்கும் மாதிரிகள். சிறிய எம் வரம்பைத் தாண்டி, பெரிய எம்முக்குள் இருக்க எத்தனை மாதிரிகளை விடலாம் என்பது சி. ஒரு மாதிரி பெரிய எம்மைத் தாண்டினாலும் மொத்தமும் தோல்வி. ஒரே ஒரு பாக்கெட்டைப் பரிசோதித்துவிட்டு "எங்கள் சரக்கு தேறும்" என்று எழுதினால் எடுபடாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், வெவ்வேறு நாளில் காய்ந்த சரக்கிலிருந்து மாதிரி கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலச் சரக்கும் கட்டாயம் இருக்கட்டும், ஈரம் ஏறுவது அப்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது. கருத்துக் காலம் அதில் விழுந்தால் மாதிரிக்கே திண்டாட வேண்டியிருக்கும். வரைவு வரும் வரை காத்திராமல் அறிக்கைகளை இப்போதே சேர்த்து வைப்பது நல்லது.

பாக்நீரிணை_தொண்டி:

அண்ணே, ரொம்ப நன்றி. ஊராட்சிகள் என்று சட்டத்திலேயே இருக்கிறதே, கிராமசபைத் தீர்மானம் போட்டு அனுப்பினால் பலம் கூடுமா? இன்னொன்று, மீனவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் நாம் ஏன் எழுத வேண்டும்?

கடலோர_ஊராட்சி:

பலம் கூடும். ஆனால் முதலில் உங்கள் ஊர் எந்த வகை என்று பாருங்கள். தொண்டியும் மண்டபமும் பேரூராட்சி, அங்கே கிராமசபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான். தேவிபட்டினம், பாம்பன், தங்கச்சிமடம் கிராம ஊராட்சிகள். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அக்டோபர் 2-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவே இடைவெளி குறைவு. நவம்பர் 1-க்கும் ஜனவரி 26-க்கும் நடுவே எண்பது நாளுக்கு மேல். 60 நாள் அவகாசம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட வாய்ப்பு உண்டு. அப்போது சிறப்புக் கிராமசபை கேட்டுத் தலைவரிடமோ, தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள்.

"வரைவை எதிர்க்கிறோம்" என்று தீர்மானம் போடாதீர்கள். வரைவின் பெயர், அரசிதழ் நாள், உட்பிரிவு எண், கேட்கும் மாற்று வாசகம் எல்லாம் தீர்மானத்துக்குள்ளேயே வர வேண்டும். தீர்மான எண்ணும் தேதியும் உள்ள சான்றிட்ட நகல் இல்லாமல் அனுப்பினால் அது வெறும் கூட்டக் குறிப்பு. எத்தனை குடும்பம் கருவாடு காயவைக்கிறது, தளம் எத்தனை, பரண் எத்தனை என்று ஊராட்சி எண்ணிக் கொடுத்தால், 18-ஆம் பிரிவு கேட்கிற நடைமுறை நிலைமைக்கு அதைவிட நல்ல சான்று டெல்லியில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

சட்டவரி:

மீனவர் விலக்கு பற்றி. 18-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் அது இருக்கிறது: விவசாயிக்கும் மீனவருக்கும், மீனவர் தம் தொழிலில் ஈட்டும் பொருளுக்கும் சட்டம் பொருந்தாது. ஏலத்தில் மீன் வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து, லேபிள் ஒட்டி விற்கும் குழுவை அந்த நிழலில் வைக்க முடியாது என்பது என் கருத்து. உணவுப் பாதுகாப்புச் சட்டப் பதிவு எடுத்தே ஆக வேண்டும். தம் வீட்டுப் படகில் வந்த மீனைத் தாமே காயவைக்கும் பெண் எந்தப் பக்கம் என்பது தெளிவில்லாத இடம். வரைவு அதைத் தொட்டால் தெளிவாக்கக் கேட்டு எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு சும்மா இருக்க வேண்டாம். கருத்துகள் அறிவியல் குழுவுக்குப் போய், பிறகு ஆணையக் கூட்டத்துக்கு வரும். கூட்டக் குறிப்புகளை இணையதளத்தில் பார்க்கலாம். சில சமயம் வரைவே மாறும்: மரபணு மாற்ற உணவுக்கான 2021 நவம்பர் வரைவுக்குப் பிறகு, 2022 நவம்பரில் திருத்திய வரைவை மறுபடி மக்கள் முன் வைத்தார்கள். அப்படி வந்தால் பழைய கடிதம் போதும் என்று இருக்காதீர்கள், உட்பிரிவு எண்கள் மாறியிருக்கும், புதிதாக அனுப்புங்கள்.

உங்கள் கருத்து என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். "ஏன் ஏற்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன வரைவின் இன்ன உட்பிரிவு மீது வந்த கருத்துகளின் தொகுப்பு அட்டவணை, அதைப் பரிசீலித்த கூட்டத்தின் குறிப்பு நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இறுதி விதிமுறை வந்த பிறகும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும், அவைகள் அதை மாற்றலாம். அந்த நேரத்தில் தொகுதி எம்பியிடம் கொடுக்க, நீங்கள் அனுப்பிய அதே நான்கு கட்டத் தாளையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் நகலெடுத்து வைத்திருங்கள்.