அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் குழு: டாக்டருக்கு எதற்குச் சங்கம்?

கோபி மாமா: மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். நீ வரவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். அமுச்சியின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி உட்கார்ந்து பேசலாம் என்றிருந்தேன்.

டாக்டர் தம்பி: கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. சென்னையில் மூட்டு மாற்று அறுவை மருத்துவர்களின் சங்கக் கூட்டம். உறுப்பினராகவும் சேரப் போகிறேன்.

கோபி மாமா: அதற்குச் சந்தா வேறு. படிப்பை முடித்து ஈரோட்டில் நல்ல பெயரும் எடுத்துவிட்டாய். இன்னும் எதற்குச் சங்கம்? மஞ்சள் மண்டியில் சங்கம் என்றால் விலை பேசுவதற்கு. டாக்டர்கள் சங்கத்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

டாக்டர் தம்பி: கேட்க வேண்டிய கேள்விதாங்க மாமா. நான் ஒருவருக்கு மூட்டு மாற்றினால் முதல் வருடம் தவறாமல் வந்து காட்டுவார். பிறகு நன்றாக நடப்பவர் வரமாட்டார். எட்டு வருடம் கழித்து மூட்டு ஆட்டம் கண்டாலும் என்னிடம் வருவார் என்பது நிச்சயமில்லை. பெங்களூரில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் யாரையாவது பார்த்துக்கொள்வார். என் வேலை எப்படி நிற்கிறது என்பது கடைசிவரை எனக்கே தெரியாமல் போகும்.

டாக்டர் தம்பி: தனி ஆளாக இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஸ்வீடனில் 1975இலேயே எலும்பு மருத்துவர்கள் சங்கம் முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1999இல். யாருக்கு, எந்த மூட்டு, எத்தனை வருடம் தாங்கியது என்று எல்லா டாக்டர்களின் கணக்கும் ஒரே இடத்துக்கு வரும். ஏ.எஸ்.ஆர். என்று ஓர் இடுப்பு மூட்டு இருந்தது. உலோகத்தோடு உலோகம் உராயும் அமைப்பு. ஒரு டாக்டரிடம் அது போட்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள். ஒருவருக்குக் கெட்டுப்போனால் அவருடைய உடல்வாகு என்றுதான் தோன்றும். பதிவேட்டில் கணக்கு சேர்ந்தபோதுதான் மற்றவற்றைவிட அது சீக்கிரம் மறு அறுவைக்கு வருவது தெரிந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள்.

சித்தி: நம் நாட்டிலும் போட்டார்களா கண்ணு?

டாக்டர் தம்பி: போட்டார்கள் சித்தி. அதுதான் கொடுமை. போட்டுக்கொண்டவர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இப்போது இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கட்டாயம் கிடையாது, டாக்டர்கள் விரும்பித் தர வேண்டும். சென்னைக்காரர்கள் மட்டும் தந்தால் நம் ஊர் முழங்கால்கள் அதில் இருக்காது.

அக்கா: 2017இல் மூட்டு விலை இறங்கியதே, அதுவும் சங்கம் செய்ததா?

டாக்டர் தம்பி: இல்லை அக்கா, அது மத்திய அரசின் மருந்து விலை ஆணையம். சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய்தான் உச்சம் என்றார்கள், வரி தனி. அந்தப் பெருமை சங்கத்துக்குச் சேராது.

கோபி மாமா: பதிவேடு சரி. கூட்டத்தில் என்ன நடக்கும்?

டாக்டர் தம்பி: நான் போவது கிருமி பிடித்த மூட்டு பற்றிய அமர்வுக்காக. பல பேருக்கு மூட்டைக் கழற்றி, ஆண்டிபயாடிக் கலந்த சிமெண்டை வைத்து, கிருமி ஒழிந்த பிறகு புது மூட்டு போட வேண்டும். எனக்கு எப்போதாவதுதான் அப்படி ஒருவர் வருவார். அதையே நாள்தோறும் செய்கிறவர்கள் அங்கே பேசுகிறார்கள். நாளைக்கு இரவு பத்து மணிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தால், நோயாளியின் பெயரை மறைத்து எக்ஸ்ரேயை அனுப்பிக் கேட்க அவர்கள் இருப்பார்கள். தவறாகச் செய்கிறேன் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான். மூட்டுக் கம்பெனி டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றது, வேண்டாம் என்றுவிட்டேன். என் காசில்தான் போகிறேன்.

கோபி மாமா: அது நல்லது சாமி.

சித்தி: எங்கள் மாமியாருக்கு இடது காலில் என்ன போட்டார்கள் என்று எங்களுக்கே தெரியாது. செய்த டாக்டரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் தம்பி: டிஸ்சார்ஜ் தாள்களைப் புரட்டிப் பாருங்கள் சித்தி. சின்னச் சின்ன வெள்ளை ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கலாம். கம்பெனி பெயர், அளவு, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண் எல்லாம் அதில் இருக்கும்.

சித்தி: (புகைப்படம்) பீரோவில் சீட்டு ரசீதுகளுக்கு அடியில் கிடைத்தது. நான்கு ஒட்டியிருக்கின்றன. ஒன்றில் எழுத்து பாதி அழிந்துவிட்டது.

டாக்டர் தம்பி: அருமை சித்தி. தொடை எலும்புக்கு ஒன்று, கீழ்க்கால் எலும்புக்கு ஒன்று, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்று. அழிந்தது சிமெண்டுடையது, பரவாயில்லை. பின்னால் பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்தால், இந்த எண்களை வைத்து அதை மட்டும் மாற்றிவிட முடிகிறதா என்று பார்க்கலாம். இது இல்லாவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டும். லேமினேஷன் செய்ய வேண்டாம், நகல் எடுத்து வையுங்கள்.

அக்கா: அமுச்சிக்குப் போடுவதும் பதிவேட்டில் ஏறுமா?

டாக்டர் தம்பி: அமுச்சி சம்மதித்தால் ஏறும். மாமா, செவ்வாய்க்கிழமை அவரை அழைத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட் இரண்டும் வேண்டும். சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும். அங்கிருந்தும் கிருமி மூட்டுக்குப் போகும்.

கோபி மாமா: கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது என்கிறாள். நாளைக்கே பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.