நாளாகமம், ஆண்டேடு: எது பொருந்தும்?

> பழைய ஆங்கில வரலாற்றுக் குறிப்பு நூலான ஆங்கிலோ-சாக்சன் க்ரானிக்கிளுக்குத் தமிழில் ‘நாளாகமம்’ என்றே வைத்துவிடலாமே? வேதாகமத்தில் பழகிய சொல். அதில் வரும் மன்னர் பாட்டுகளை ‘மெய்க்கீர்த்தி’ எனலாம்.

ஐயா, இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

வேதாகம நாளாகமம் அரசர் அரசராக நகர்வது. ஆல்பிரட் மன்னன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்டு, பீட்டர்பரோ மடத்துப் படியில் 1154 வரை நீண்ட இந்த நூலோ ஆண்டு ஆண்டாக நகர்வது. ஓரத்தில் ஆண்டு எண், எதிரே ‘இங்கு’ என்று தொடங்கும் குறிப்பு. எழுத ஒன்றுமில்லாத ஆண்டுக்கும் எண் உண்டு, எதிரே வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கும் இடம் கொடுக்கும் சொல்தான் வேண்டும். ‘ஆண்டேடு’ என்பது என் பரிந்துரை. நாளேடு, பேரேடு இருக்கும் வீட்டில் இதுவும் இருக்கட்டும்.

பாட்டுக்கு வருகிறேன். 937ஆம் ஆண்டுக் குறிப்பு புருனன்பர் போர். ‘இங்கு ஏதல்ஸ்டன் மன்னன், தலைவர்க்குத் தலைவன், வீரர்க்கு வளை ஈவோன்’ என்று அதே ‘இங்கு’வில் தொடங்கிப் பாட்டாகவே போகிறது. களத்தில் இளம் அரசர் ஐவர், எதிரி அரசன் அன்லாஃபின் படைத்தலைவர் எழுவர் மாண்டு கிடக்கிறார்கள். ஏட்டில் அது உரைநடையைப் போலவே வரி முறியாமல் எழுதப்பட்டிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பாட்டென்றே தெரியாது. இதை மட்டும் பார்த்தால் மெய்க்கீர்த்தி என்ற ஆசை எனக்கும் வரும்.

ஆனால் இங்கிலாந்தை வென்று ஆண்டு, 1087இல் இறந்த வில்லியம் மன்னனைப் பற்றிய பாட்டும் இதே நூலின் பீட்டர்பரோ படியில் இருக்கிறது. எழுதியவர் அவனை நேரில் கண்டவர், அவன் அவையில் இருந்தவர். கோட்டைகள் கட்டினான், ஏழைகளை வதைத்தான், குடிகளிடம் பொன்னும் வெள்ளியும் பறித்தான், மானைக் கொன்றவன் கண்ணைப் பிடுங்கச் சட்டம் செய்தான் என்று அடுக்கிவிட்டு, கலைமான்களுக்குத் தந்தை போல அவற்றை நேசித்தான் என்கிறார். மெய்க்கீர்த்தி அரசனே தன் கல்வெட்டின் தலையில் வெட்டுவிப்பது. இராசராசனின் ‘திருமகள் போல’வில் இப்படி ஓர் அடி நுழைந்திருக்குமா? எனவே ‘ஆண்டேட்டுப் பாட்டு’ என்று பொதுவாக விட்டுவிடலாம். புகழ்வதும் திட்டுவதும் எழுதிய துறவியின் பாடு.

> ஆண்டேடு சரி. ஆனால் குளோஸ்டர் ராபர்ட் என்பவர் எழுதிய ஆங்கில மன்னர் வரலாற்று நூலையும் க்ரானிக்கிள் என்றுதானே சொல்கிறார்கள்? அதில் ஆண்டு வரிசை இல்லையே. தவிர, ‘ஆண்டு மலர்’ என்று குழம்ப மாட்டார்களா?

மலர் மலராகவே இருக்கும், ஏட்டோடு குழம்பாது.

ராபர்ட் விஷயத்தில் உங்கள் கேள்வி சரியானது. பிரிட்டனின் முதல் அரசன் என்று கதை சொல்லும் புரூட்டஸில் தொடங்கி மன்னர் மன்னராக, ஈரடி இயைபுச் செய்யுளில் இறங்கி வரும் நூல் அது. அதை ஆண்டேடு என்றால் பொய். ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதற்காக நாமும் இரண்டையும் ஒரே சாக்கில் போட வேண்டியதில்லை. ‘கொடிவழிக் காதை’ என்று பிரிக்கலாம். கொடிவழி என்றால் மரபு வரிசை என்பது நம்மிடம் உள்ள பொருள்தான்; காதை செய்யுளைச் சொல்லிவிடுகிறது. ‘கொடிவழி’ இன்று பலருக்கும் பழக்கமில்லை என்பது குறைதான். ‘அரசமரபுக் காதை’ என்று மாற்றினால் அரசமரம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

இப்போதைக்குக் கலைச்சொல் பட்டியலில் ஆண்டேடு, ஆண்டேட்டுப் பாட்டு இரண்டையும் ஏற்றுகிறேன். கொடிவழிக் காதைக்கு எதிரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.