புதுப்பிப்பு: உச்சிப்புளி தோப்புக்கு ஃபிளெயில் மோவர் வாங்கியாச்சு

தென்னந்தோப்புக் களைக்கு டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரா, சுழலும் பிளேடுகளால் களையை அடித்து நொறுக்கும் ஃபிளெயில் மோவரா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, மோவரே எடுத்துவிட்டேன். 45 எச்பி டிராக்டருக்கு ஐந்தடி அகலம் தாராளம். புல்லுக்கான மெல்லிய ஒய் (Y) வடிவ பிளேடு வேண்டாம், கனமான சுத்தியல் பிளேடு போடு என்று சொன்னவர்களுக்கு நன்றி. விரல் தடிமன் சீமைக்கருவேலங்கன்றையும் காய்ந்த மட்டையையும் நார் நாராகக் கிழித்து மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டுவிடுகிறது. பிடிஓ (கருவியைச் சுழற்றும் டிராக்டரின் பின்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றைத் தொட்ட பிறகுதான் புல்லில் இறக்கணும். ரொம்பத் தாழ்த்தாதீர்கள், நம்ம கடலோர மணல் பிளேடு முனையை அரம் போட்ட மாதிரி தேய்க்கிறது. ஒரு பிளேடு உடைந்தால் எதிர்ப்பக்கத்துப் பிளேடையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் பிளேடு மாட்டிய ரோட்டர் உருளை எடை சமமில்லாமல் ஆடி பேரிங் போய்விடும். அப்புறம் உப்புக்காற்று, கழுவிக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் போல்ட் துருவேறிக் கழலாது. சீமைக்கருவேலம் மட்டும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது, அதைத் தோண்டித்தான் எடுக்கணும்.